ஒடாசிர் சாரின் அழகான வரைபடம்

காஷியாஸ் தோ சுல் ஊரில் தடுக்கி விழுந்தால் பஸ் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில்தான் விழ வேண்டும். எங்களுடையதும் அப்படி ஒன்று. கணினியில் படம் வரைகிறவர்கள் நாலு பேர். எங்களுக்குத் தலைவர் ஒடாசிர் சார். அவர் வரைவதில்லை. அழகு பார்ப்பார்.

புதிதாக வந்த நெய்வாவுக்குத் தகுதிகாண் காலம் அந்த வெள்ளியோடு முடிகிறது. அவள் வரைந்த முதல் பாகம் ஒழுங்காக வெட்டி வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். சக்கர நாற்காலி ஏறும் பலகையைப் பஸ்ஸின் வலது கதவோரம் பிடித்து நிறுத்தும் எஃகுத் தாங்கி அது. வளைவு, துளை, இடைவெளி எல்லாம் சுத்தமாக வரைந்திருந்தாள். எனக்கே பொறாமையாக இருந்தது.

வெட்டுவதற்கு அனுப்புமுன் படத்தைச் சரிபார்க்க எங்களிடம் ஓர் உயர்ந்த முறை உண்டு. படம் பெரிய திரையில் நிற்கும். ஒடாசிர் சார், தேநீர்போலக் குடிக்கும் மாத்தே இலை போட்ட சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி ஒவ்வொருவருக்காக நீட்டுவார். வாங்கியவர் குழலால் உறிஞ்சி முடித்து, தாளில் கையெழுத்துப் போட்டு, குடுவையைத் திருப்பித் தர வேண்டும். நாக்கு வெந்துவிடாமல் குடிப்பதிலேயே கவனம் போய்விடும். படத்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

அன்று தாங்கியின் நீண்ட கை கம்பெனி முத்திரையை இடிப்பது ஒடாசிர் சாரின் கண்ணை உறுத்தியது.

“இதென்னம்மா, லோகோவோட மூஞ்சியில குத்துது?” என்றபடி ஒரே சொடுக்கில் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார். “இப்ப பாரு, லட்சணமா இருக்கு.”

அளவு ஒன்றுகூட மாறவில்லை. வலது கதவுத் தாங்கி இடது கதவுத் தாங்கியாகிவிட்டது, அவ்வளவுதான்.

குடுவை நெய்வாவின் கையில் இருந்தது. “சார், இப்படி வெட்டுனா எதிர்ப்பக்கம்தான் மாட்ட முடியும்.”

“கையில இருக்கிறது மைக் இல்லம்மா. குடிச்சிட்டுக் குடு, தண்ணி ஆறுது.”

எல்லோரும் சிரித்தோம். குடுவையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களை எங்கள் ஊரில் இப்படித்தான் வாயடைப்பார்கள். நிரந்தர வேலைக்கு ஏங்குகிற பெண் என்ன செய்வாள்? குடித்தாள். கையெழுத்தும் போட்டாள்.

வியாழக்கிழமை தாங்கிகள் வந்தன. அத்தனையும் பளபளப்பு. அந்தப் பஸ்ஸுக்கு இடது பக்கம் கதவே கிடையாது.

முதலாளி தோனா இல்தா எங்களை வரிசையாக நிறுத்தினார். “இத்தனை பேர் கையெழுத்து இருக்கு. ஒருத்தர்கூட பார்க்கலையா?”

“நான் தாள்ல படம் உக்கார்ற அழகை மட்டும்தான் பாப்பேன், மேடம்” என்றார் ஒடாசிர் சார். நாங்களும் பார்க்கவில்லை என்று தலையாட்டினோம். அது உண்மைதான்.

“நான் பார்த்தேன் மேடம்” என்றாள் நெய்வா. “தப்புன்னும் சொன்னேன்.”

“சொல்லிட்டு?”

“கையெழுத்து போட்டேன்.”

தோனா இல்தா பெருமூச்சு விட்டார். “தெரியாம போட்டவங்களை மன்னிச்சிடலாம். தெரிஞ்சே போட்ட உன்னை எப்படிம்மா வேலையில வைக்கிறது?”

ஆக, பார்க்காத நாங்கள் நிரபராதிகள். திருப்பியது யார் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் கொழுக்கட்டை. அவமானமாக இருந்தது, வேலை பத்திரமாக இருந்தது.

நெய்வா பையை மாட்டிக்கொண்டு ஒடாசிர் சாரிடம் வந்தாள். “அடுத்த கம்பெனியில கண்ணை மூடிக்கிட்டே போடுறேன் சார். சீக்கிரம் உங்க மாதிரி வந்திடலாம்.”

அவர் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு, மனம் குளிர்ந்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.