இடது கால் பூட்ஸ்

என் தம்பி டெல்பர்ட்டின் இடது பாதத்து நாற்றம் ஆஸ்பத்திரி அறைக்கு வெளியிலேயே மூக்கைத் துளைத்தது. சர்க்கரைப் புண். ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் ஆறியிருக்கும். இவன் காட்டவில்லை. ராணுவம் ஒளித்துவைத்திருக்கும் அதிசயக் கட்டில் ஒன்று வெளியே வரப்போகிறதாம். படுத்து எழுந்தால் புற்றுநோய் போய்விடும், இழந்த கைகால் முளைத்துவிடும். இணையத்தில் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ‘இந்த முறை உறுதி’ என்பான். அதுவரைக்கும் தாங்க செம்புத் தகடு விற்பான். அதைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு இவன் காத்திருந்தான். அந்தப் படுபாவி என் கையில் கிடைக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவன் முடியாதென்று தலையை ஆட்டினான். “வெட்டுறதுதான் இவங்க பொழப்பு, லோர்னா.”

போன நன்றித் திருநாள் விருந்தில் இந்தக் கட்டில் பேச்சுக்காகத்தான் வான்கோழித் தட்டை இவன்மேல் வீசியிருந்தேன். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை.

“கட்டில் வந்தா வெட்டுன காலும் முளைக்கும்னியே?”

“ஆமா.”

“அப்புறம் எதுக்குடா பயப்படுற? இப்ப எடுக்கட்டும். பின்னால முளைக்க வச்சுக்கலாம்.”

அவன் என்னையே பார்த்தான். “நீ நம்புறியா?”

சம்மதப் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். “நம்புறேன்.”

அவன் அழுதேவிட்டான். கையெழுத்துப் போட்டான். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, “இடது பூட்ஸைத் தூக்கிப் போட்றாத. எண்ணெய் போட்டு வை, தோல் காஞ்சிரும்” என்றான்.

பிழைத்துவிட்டான். நானும் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டேன், சபித்துக்கொண்டே.

போன ஞாயிறு சர்ச் வாசலில் பக்கத்துத் தெரு ஹேசல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மார்பில் கட்டி. பின்னால் ஊன்றுகோலோடு டெல்பர்ட், முகமெல்லாம் சிரிப்பு.

“டெல்பர்ட் சொன்னான். நீ ஒருத்திதான் இந்த ஊர்லயே எதையும் லேசுல நம்பாதவ. நீயே நம்புறேன்னா நானும் ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். நெசந்தானே, லோர்னா?”

எத்தனை சண்டைக்குப் பிறகு என் தம்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஹேசலின் விரல்கள் ஜில்லென்றிருந்தன.

“பொய், ஹேசல். அவனை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன். கட்டிலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நீ நாளைக்கே ஆஸ்பத்திரியில போய்ப் படு.”

டெல்பர்ட் ஊக்கு குத்தி மடித்துவிட்டிருந்த இடது பேன்ட் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.