ஜம்பு கட்டிய சிவப்பு ரிப்பன்

என் வீட்டுக்காரர் ஜம்பு ஏழு வருஷம் துபாயில் இரும்புக் குழாய்ச் சாரம் கட்டிவிட்டு டெல்லிக்குத் திரும்பினார். இங்கே சாரம் என்றால் பெரும்பாலும் மூங்கிலும் கயிறும்தான். போவதற்கு முன் செங்கல் சுமந்தவர், வந்த பிறகும் செங்கல்தான் சுமந்தார். 

"கத்தாருக்குப் போறேன். ரெண்டே வருஷம்" என்றார் ஒருநாள். வெள்ளிக்கிழமை ஏஜெண்ட் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வானாம்.

"ஏழு வருஷம் போதலையா? வந்து இறங்கின அன்னிக்கு அகல்யா உன்னை அங்கிள்னு கூப்பிட்டாளே, பெத்த பொண்ணு, மறந்துட்டியா?"

கிட்வாய் நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவளை வளர்த்தவள் நான். இன்னொரு தடவை தனியாக என்னால் முடியாது.

அந்த வாரம் சரோஜினி நகர் பக்கம் மேம்பால வேலைக்குக் கூலியாகப் போனார். அங்கே குழாய்ச் சாரம். ஒரு தூணின் சாரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாராம், ஆடியதாம். உடனே அகல்யாவுக்கு வாங்கிய சிவப்பு ரிப்பனை அதில் கட்டி, யாரும் ஏறக் கூடாது என்று குறுக்கே நின்றிருக்கிறார். துபாயில் சாரத்தில் சிவப்பு தொங்கினால் முதலாளிகூட ஏற மாட்டானாம். இங்கே அது யாருக்குத் தெரியும்? எங்கள் ஜுக்கி வரிசையிலேயே குடிசை போட்டிருக்கும் வடிவேல் மேஸ்திரி இவரை வெளியே தள்ளிவிட்டான்.

"உனக்கு எதுக்குயா இந்த வேண்டாத வேலை?" என்று கத்தினேன். கத்தாருக்குப் போகத் துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

வியாழன் காலை அதே வடிவேல் வாசலில் வந்து நின்றான்.

"ஜல்தி வாப்பா. இஞ்சினியர் மஸ்கட்ல வேலை பாத்தவராம். ரிப்பனைப் பாத்துட்டு ஒருத்தனையும் ஏற விடல. நான் அவுக்கப் போனா திட்டுறார். கட்டினவன்தான் சரி பார்த்து அவுக்கணுமாம்."

நானும் பின்னாலேயே ஓடினேன். அடியில் குழாய்களைப் பிணைக்கும் இரண்டு கிளாம்பு லூசாக இருந்தன. இவர் அவற்றை முடுக்கி, மேலே ஏறி இறங்கி, ரிப்பனை அவிழ்த்தார். அப்புறம்தான் மற்றவர்கள் ஏறினார்கள். இனி எல்லாத் தூணின் சாரத்தையும் இவர்தான் பார்க்க வேண்டும் என்றார் இஞ்சினியர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஏஜெண்ட் வந்தான். கத்தாரில் இங்கே கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு சம்பளம் என்றான். இவர் தலையைச் சொறிந்துகொண்டே, பாஸ்போர்ட் வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போனார். அதன் கைப்பிடியில் அந்தச் சிவப்பு ரிப்பன்.

"யார் கட்டினது?"

"நான்தான். அவுக்க மாட்டேன்."

ரிப்பனின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு ஏஜெண்டிடம் திரும்பினார்.

"டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."