பூட்டு பூட்டியபடியே இருந்தது

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில், கடல் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்ட அன்று, மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் மத்தியானத்துக்கு முன்பே பூட்டப்பட்டுவிட்டன. கொழும்பில் குண்டு போட்டாயிற்று, திருகோணமலையிலும் போட்டாயிற்று, இனி மட்டக்களப்புத்தான் என்று சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வலையிறவுத் துறைக்கு ஓடினார்கள். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய்விட்டால் உயிர் தப்பலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

மார்கிறட்டும் புறப்பட்டாள். கந்தோரில் கிளாக்கராக இருந்த அவள் கணவன் ஹெக்டர், தோணிக்குப் பிந்திவிடும் என்று வேலிப் படலையில் நின்று அவசரப்படுத்தினான். அவளோ வாசற்கதவைப் பூட்டிவிட்டு, பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையை நிறைக்கிற பித்தளைப் பூட்டு. கொழும்பிலிருந்து ஹெக்டர் வாங்கி வந்தது. கொஞ்சமும் அசையவில்லை. அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று மார்கிறட்டிடம் இருந்தது. மற்றது வீட்டோடு தங்கிச் சமைத்த எமிலியின் இடுப்பில். எமிலி விடியவே செட்டிபாளையத்துக்கு, தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

படுவான்கரையில், வவுணதீவில் அவர்களுக்கு இடம் கொடுத்த கனகசிங்கம் வயல்காரர். அவர் வீட்டுக்குக் கதவு என்று ஒன்று இல்லை. பொழுதுபட்டால் தட்டி ஒன்றைச் சாத்திக் கயிற்றால் கட்டுவார்கள், அவ்வளவுதான். தட்டி காற்றில் ஆடும்போதெல்லாம் மார்கிறட் தன் வீட்டுப் பூட்டை நினைத்து ஆறுதல் பட்டாள்.

ஊர் அடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு திரும்பி வந்தார்கள். பூட்டு தொங்கியபடியே தொங்கியது. சாவி வழக்கம்போலத் திரும்பியது. ஆனால் உள்ளே போனதும் மார்கிறட் நின்றுவிட்டாள். நடு அறைத் தரை கழுவித் துடைத்திருந்தது. கட்டில் சுவரை விட்டுத் தள்ளிக் கிடந்தது. பெட்டியில் மடித்து வைத்த வெள்ளை விரிப்புகள் இரண்டைக் காணவில்லை. வெள்ளிக் கரண்டிகள், காப்பு, சங்கிலி எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

"நீதான் எங்கயாவது வச்சிட்டு மறந்திருப்பாய்" என்றான் ஹெக்டர். "பூட்டுல ஒரு கீறல் கூட இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றன். பூட்டை உடைக்கல்ல. சாவி போட்டுத் திறந்திருக்கு."

சாவி வேறு யாரிடம் இருந்தது? அந்தக் கிழமையே எமிலி வேலைக்குத் திரும்பி வந்தாள். அவள் பையை இறக்கி வைக்கும் முன்பே மார்கிறட் கேட்டுவிட்டாள்.

"நான் இஞ்சால வரவே இல்ல அம்மா."

"அப்ப ஆர் வந்தது? சாவி நடந்து வந்ததா?"

எமிலி இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனாள். ஹெக்டர் கந்தோரிலிருந்து வந்து கேட்டபோது, "போயிட்டாள். குற்றமில்லாதவளா இருந்தா நிண்டு பேசியிருப்பாள்" என்றாள் மார்கிறட். அப்படித்தான் அவள் நம்பவும் செய்தாள்.

ஒன்றிரண்டு மாதம் கழிந்த ஒரு காலைப்பொழுதில், தொப்பி போட்ட ஒருவன் வாசலில் வந்து நின்றான். கையில் ஓலைப் பெட்டி.

"நோனா, எனக்குக் காத்தான்குடி. பேர் சாலிஹ். மாட்டுக் கரத்தை ஓட்டுறவன். இந்த விரிப்பு ரெண்டும் உங்கட."

வெளுத்து மடித்த விரிப்புகள். அடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"எப்படி உன்னட்ட வந்தது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பீரங்கிச் சத்தம் கேட்ட அன்று, மனைவி ஜெமீலாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். சத்தத்தில் மாடு மிரண்டு ஓடி, கரத்தை இந்த வாசலில் குடைசாய்ந்துவிட்டது. அவளுக்கு வலி கூடிவிட்டது.

"இந்தத் தெருவுல நான் தட்டாத கதவில்ல நோனா. எல்லாத்திலயும் பூட்டு. றோட்டுல பெறச் சொல்லவா? மீன் விக்கிற பொம்புள ஒராள் ஓடி வந்தா. அவதான் உள்ளுக்குக் கொண்டு போவம் எண்டா."

"பூட்டை எப்படித் திறந்த நீ?"

"பூட்டுல நான் கை வைக்கல்ல. அது கல்லு மாதிரி. கரத்தைக் கடையாணிய இந்த வளையத்துக்குள்ள குடுத்து ஒரு நெம்பு நெம்பினன். வளையம் பூட்டோட சேந்து கழண்டு வந்திட்டு. மறுகா போகக்குள்ள அதே ஓட்டையில வச்சு அடிச்சிட்டுப் போனன்."

மார்கிறட்டால் நம்ப முடியவில்லை. கதவு நிலையில் அடித்திருந்த இரும்பு வளையத்தில் விரலை மாட்டி இழுத்தாள். முதலில் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது, கறையான் தின்ற மரத்தூளோடு வளையம் அவள் கைக்கு வந்தது. இத்தனை வருசமாக அவள் பூட்டைத்தான் இழுத்துப் பார்த்திருக்கிறாள். அது எதில் தொங்குகிறது என்று பார்த்ததில்லை.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"பிள்ள?" என்று கேட்டாள்.

"பொம்புளப் புள்ள. தாயும் புள்ளயும் சுகமா இரிக்காங்க, அல்ஹம்துலில்லாஹ். சொல்லாம வந்து பூந்தது பிழைதான். நீங்க என்ன சொன்னாலும் கேக்கத்தான் வந்தன்."

"நீ செய்தது பிழையில்ல. போ" என்றாள்.

விசயம் தெரிந்ததும் ஹெக்டர் பொலிசுக்குப் போகவேண்டும் என்று குதித்தான். "போய் என்னண்டு சொல்லுவீங்க? விரிப்பை வெளுத்துத் திருப்பித் தந்திட்டான் எண்டா?" என்று அவள் கேட்டதும் அடங்கினான்.

மறுநாள் மார்கிறட் பஸ் ஏறிச் செட்டிபாளையம் போனாள். எமிலி வேலியோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுக்க நின்று கேட்டாள்.

"நான் சொன்னது பெரிய பிழை. வா எமிலி, வீட்டுக்குப் போவம்."

"கோவம் ஒண்டுமில்ல அம்மா. ஆனா நான் வரல்ல." கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அந்தக் கரத்தைக்காரன் நல்ல மனுசன், வந்து சொன்னான். அவன் வராட்டி நான் கள்ளிதானே?"

எமிலி தண்ணீர் கொடுத்தாள், மார்கிறட் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது, ஹெக்டர் கூப்பிட்டிருந்த தச்சன் வேலை முடித்துப் போயிருந்தான். கறையான் தின்ற மரத்தை வெட்டி எறிந்து, புதுப் பலகை பொருத்தி, வளையத்தை மறுபக்கம் நட்டுப் போட்டு முறுக்கியிருந்தான். ஹெக்டர் பெருமையோடு காட்டினான்.

"இனி ஆனை வந்தாலும் கழட்ட ஏலாது. இழுத்துப் பார்."

"நீங்க பாத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு மார்கிறட் குசினிக்குப் போனாள். காலையில் அவித்த சோறு புளித்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு, அடுப்பை மூட்டினாள்.