மொசெங்கோ பிடித்த கயிறு

எங்கள் ஊர் போசங்காவில் படகுத்துறை கிடையாது. கொங்கோ ஆற்றில் போகும் சரக்கு மிதவைகள் எங்களுக்காக நிற்பதும் இல்லை. எஞ்சின் படகு அந்த இரும்பு மிதவைகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நாங்கள்தான் வள்ளத்தைக் குறுக்கே ஓட்டிப்போய்க் கயிறு வீச வேண்டும். மிதவைமேல் நிற்கும் வியாபாரிகளில் எவன் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிறானோ, வள்ளத்துச் சரக்கு அவனுக்கு. மற்றவன் விலை கேட்கக்கூடாது. ஆறு முழுக்க அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை வைத்தே மிதவை வியாபாரி மொசெங்கோ தொந்தி வளர்த்தான். கயிற்றைக் கட்டிவிட்டுப் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மிதவை ஓட்டத்தோடு கீழே போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் நாங்கள் எதிர்நீரில் துடுப்பு போட்டுத் திரும்ப வேண்டிய தூரம் கூடும், அவன் சொல்லும் விலை குறையும். கடைசியில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆளை விட்டால் போதும் என்று வந்துவிடுவோம்.

போன தடவை என் மூன்று கூடைப் புகைமீனுக்கு அரை மூட்டை உப்புதான் கொடுத்தான். போதிய உப்பு இல்லாவிட்டால் மழைக்காலத்து மீன் அத்தனையும் புழுத்துப்போகும், என் தொழில் அதோடு சரி. அது தெரிந்துதான், "முடியலைன்னா விட்டுடு பொலும்பு. என் புகையடுப்புல கூலிக்கு வா" என்று சிரித்தான். அவன் அடுப்பில் நான் கூலியாளா? அவனைப் பிடித்து அந்த அடுப்பிலேயே வாட்டலாம், நெய் நிறைய வடியும்.

மழை நெருங்கிவிட்டது. முழு மூட்டை உப்பு இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று இந்தத் தடவை முடிவெடுத்தேன். மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் கரியடுப்பு, சட்டி, செம்பனை எண்ணெய், மிளகாய், வெங்காயம், இலையில் கட்டிய மரவள்ளிக் கட்டிகள், ஒரு பாய் எல்லாம் ஏற்றினேன். துடுப்பு போட வந்த என் நாத்தனார் எகிலா வாயைப் பிளந்தாள்.

"என்ன அண்ணி, குடித்தனம் பண்ணவா போறோம்?"

"ஆமா. ஏறு."

கயிற்றை மொசெங்கோதான் பிடித்தான். கூடைகளையும் அடுப்புச் சாமான்களையும் மிதவைமேல் ஏற்றினோம்.

"ஒரு மூட்டை உப்பு" என்றேன்.

"முக்கால். அடுத்த வளைவு வர்றதுக்குள்ள சொல்லு. அப்புறம் அரைதான்."

நான் பாயை விரித்தேன். எகிலா கரியை ஊதினாள். வளைவு வந்தது, போனது.

"அரை மூட்டை" என்றான்.

"சரி. எகிலா, வெங்காயத்தை உரி."

"ஏம்மா, புருஷன் தேட மாட்டானா?" என்றான் மொசெங்கோ.

"தேடட்டும். தேடினாத்தான் அருமை தெரியும்."

"எதிர்நீர்ல எப்படித் திரும்புவே?"

"மேல போற மிதவைல கயிறு போடுவேன், அது இழுத்துட்டுப் போகும். ஆத்துல உன் மிதவை ஒண்ணுதான் ஓடுதா?"

மேலே போகும் மிதவை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து நாள் ஆகலாம், வராமலே போகலாம். பயம் எனக்கும் இருந்தது. அதை அவனுக்குக் காட்டுவானேன்?

எண்ணெய் காய்ந்து மீன் கொதித்ததும் வாசனை மிதவையின் அந்தக் கோடிவரை போனது. மிதவையில் பாதிப்பேர் வியாபாரிகள். மேலூர்களில் விற்றது போக மிஞ்சிய உப்பு அவர்களிடம் இருந்தது. ஒருத்தி தட்டோடு வந்து விலை கேட்டாள்.

"ஒரு தட்டுக்கு ஒரு கிண்ணம் உப்பு."

மொசெங்கோ துள்ளி எழுந்தான். "ஏய்! கயிறு பிடிச்சது நான். இந்தச் சரக்கை எவனும் தொடக்கூடாது!"

தட்டோடு நீண்டிருந்த கைகள் பின்னால் போயின. வழக்கம் வழக்கம்தான். இன்று அவன் கயிற்றை மதிக்காவிட்டால் நாளை தங்கள் கயிற்றை யார் மதிப்பார்கள்? நான் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"கயிறு உன்னுது, யாரு இல்லேன்னா? கூடைல இருக்கறதும் உனக்குத்தான். ஒரு மூட்டை உப்பைப் போட்டுட்டு எடுத்துக்கோ. சட்டில இருக்கறது சரக்கா? சோறுய்யா! சோத்துக்கு எவன்யா கயிறு கட்டினான்?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தட்டுகள் திரும்பவும் நீண்டன.

"கயித்தை அவுத்து விட்டுடுவேன்!" என்று கத்தினான்.

"அவுத்து விடேன். அவுத்துட்டா வள்ளத்துல இறங்கி நான் மறுபடி வீசுவேன். யாரு வேணும்னாலும் பிடிக்கலாம். என்னங்க?"

நாலைந்து வியாபாரிகள் அப்போதே விளிம்புக்கு வந்து நின்றார்கள். முடிச்சில் வைத்த கையை மொசெங்கோ மெதுவாக எடுத்துக்கொண்டான். அவன் கட்டிய கயிற்றை அவனே காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். மறைப்பானேன்?

சட்டி காலியாகக் காலியாக மறு சட்டி ஏற்றினோம். வெயில் தாழும்போது இரண்டு கூடை தீர்ந்திருந்தது. நான் கொண்டுபோன காலிச் சாக்கு கழுத்துவரை நிரம்பியிருந்தது, வாயைக் கட்ட இன்னும் ஒரு பிடிதான் பாக்கி. அப்போது மொசெங்கோ தட்டோடு வந்தான். பாவம், பகல் முழுக்க அந்த வாசனைக்குள்ளேயே கிடந்திருக்கிறான்.

"ஒரு தட்டு போடு."

"ரெண்டு கிண்ணம் உப்பு."

"எல்லாருக்கும் ஒண்ணுதானே வாங்கினே!"

"அது போன வளைவு விலை" என்றேன். "அடுத்த வளைவு வர்றதுக்குள்ள சொல்லு. அப்புறம் மூணு."

அவன் கரையைத் திரும்பிப் பார்த்தான். ஆறு வளையத் தொடங்கியிருந்தது. உப்பு எடுக்க ஓடினான்.