குறுக்குச்சாலைக்கு அப்பால் ஒரு வேகத்தடை

நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. பேருந்தின் நிறத்திலேயே சந்தேகம் இருக்கிறது. ஜெபக்கனி தன் பேருந்து மயில்நீலம் என்பாள். எங்களுக்கு அது வெள்ளை.

அந்த வருடம் நாங்கள் எல்லோரும் போனில் ஆடும் பஸ் விளையாட்டுக்குள் குடியிருந்தோம். அதன் வரைபடம் குறுக்குச்சாலை என்ற ஊரோடு முடிந்தது. அப்பால் சாம்பல் நிற வெளி. எல்லோருடைய வீடும் அதற்கும் அப்பால், தூத்துக்குடியில் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜெபக்கனிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே விளையாட்டில் நாமே செய்து சேர்க்கும் ‘மோட்’ ஒன்றாக அவளே சாலை செய்தாள். மேம்பாலம், உப்பளம் எல்லாம் வைத்தாள்.

நாங்கள் சேர்ந்து ஓட்டும் ஆன்லைன் ரூமின் ஓனர் பொன்னுலிங்கம் அன்று டோல்கேட்டாக இருந்தார்.

"பெயிண்ட் மோட் போட்டுக்கோ தாயி. உன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். ஹாரன் மோட் போட்டுக்கோ, கேட்டுத் தொலைக்கோம். ரோடு மட்டும் ஆகாது."

"ஏன் அண்ணாச்சி?"

"எல்லாரும் அவங்கவங்க போன்ல ஏத்தணும்லா? கண்டதையும் ஏத்துனா ரூமே படுத்துரும்."

பின்னாலிருந்து வேம்புராஜ் கத்தினான். அவன் வண்டியில் வேக மோட்.

"யக்கா, ஒதுங்குங்க. ஒரே மிதி, வீட்டு வாசல்ல நிப்பேன்."

மிதித்தான். பேருந்து அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. பொன்னுலிங்கம் அவனை ரூமிலிருந்து நீக்கினார். செருப்பு மட்டும் சாலையில் கிடந்தது.

ஜெபக்கனி தன் சாலையைத் தன் வண்டியில் மட்டும் ஏற்றிக்கொண்டாள். பிறகு கியரைப் போட்டாள்.

"விழுந்தா நான் பொறுப்பில்ல" என்று பொன்னுலிங்கம் டோல்கேட் கட்டைபோலக் கையைத் தூக்கினார்.

அவள் விழவில்லை. வெறும் வெளியில் மேம்பாலம் ஏறினாள், இறங்கினாள். எங்கள் கண்ணுக்கு அந்த மேம்பாலம் தெரியவில்லை. உப்பளம் இருக்க வேண்டிய இடத்தில் பேருந்து மெதுவானது. ஒருமுறை தூக்கிப் போட்டது.

"அது என்னது?" என்றார் பொன்னுலிங்கம்.

"ஸ்பீடு பிரேக்கர் அண்ணாச்சி. சர்ச்சுக்கு முன்னால உள்ளது."

பொன்னுலிங்கம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பொய்யா ரோடு போடுறவ ஸ்பீடு பிரேக்கர் போடமாட்டா. எல பசங்களா, ஏத்துங்கல!"

ஏற்றினோம். எங்கள் சக்கரங்களுக்கு அடியில் தார் விரிந்தது. உப்புக்காற்று அடித்தது. எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில் பாடின. ஒருவர் பின் ஒருவராக அந்த வேகத்தடையில் குலுங்கினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆரவாரம் எழுந்தது.

ஜெபக்கனி வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைத்தாள். வேம்புராஜ் வேக மோடை அழித்துவிட்டு வந்து, அவளிடம் கண்டக்டராகச் சேர்ந்தான். அவன் பேருந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் அவரவர் வீட்டில் இருக்கிறோம். பொன்னுலிங்கம் டோல்கேட்டாகவே தங்கிவிட்டார். தூக்கிய கையை இறக்கவில்லை.