பிரஷாந்தியின்ர அப்பா

சிவமலருக்கு மலை என்றால் எமிரேட்ஸில் கண்ட ராஸ் அல் கைமா மலைதான். புல் பூண்டில்லாமல் மொட்டையாய் நிற்கிற மலை. ஆர்மேனியாவில் கார் அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாய் எழும்பி நின்றது. அடியில் ஆறு, கரையெல்லாம் பச்சை. பார்க்கவேண்டிய இடந்தான். பார்க்கிற மனநிலையில் அவள் இல்லை, பாவம்.

ஷார்ஜாவில் அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் அராக்ஸி, லெபனானில் பிறந்த ஆர்மேனியக்காரி. 2004 கோடையில் தன் சனத்தின் பழைய மடாலயத்தைப் பார்க்கப் புறப்பட்டவள், முழங்கால் ஏலாததால் கைத்தாங்கலுக்குச் சிவமலரையும் கூட்டிவந்தாள். எழுநூறு எண்ணூறு வருசத்துக் கோயில், பாதி கட்டினது, பாதி மலையைக் குடைந்தது.

புறப்படுகிறதுக்கு முதல் நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தமையன் போன் எடுத்திருந்தான். அவள் மகள் பிரஷாந்திக்கு நல்ல சம்பந்தம் ஒன்று பொருந்தியிருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒரே பிடி. தகப்பன் இருக்கிறாரா இல்லையா? இல்லையென்றால் செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்து முடித்துவிட்டு வாருங்கள்.

"எட்டு வருசமாச்சு, மலர். இன்னும் எவ்வளவு காலத்துக்குப் பொட்டோட இருந்து பிள்ளையின்ர வாழ்க்கையை மறிக்கப்போறாய்?"

கதைக்கிறவனுக்கு என்ன, வாய்தானே! காலையில் சைக்கிளில் வேலைக்குப் போன மனிசனை ஆமிக்காரர் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர் ஒருவருமில்லை. உடம்பைக் காணாமல் செத்துப்போனார் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்துதான் அவள் வெந்துகொண்டிருந்தாள்.

மேடத்துக்கும் விஷயம் தெரியும். படியேற முடியாமல் கீழே பெஞ்சில் உட்கார்ந்தவள், அங்கே நின்ற பாதிரியாரிடம் தங்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். பிறகு சிவமலரின் கையில் ஒரு மெழுகுதிரியை வைத்தாள்.

"உன் புருஷனுக்கு ஜெபம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறந்தவர்களுக்குச் சொல்கிற ஜெபம். பெயர் கேட்பார், சொல்லு. யல்லா, போ."

ஒரு வார்த்தை கேட்காமலே செய்துவிட்டாள். நல்ல மனசுதான். நல்ல மனசுக்காரரிடம்தானே மாட்டேன் என்று சொல்ல வாய் வருவதில்லை. சிவமலர் பாதிரியாருக்குப் பின்னால் படியேறினாள்.

உள்ளே இருட்டு. எங்கேயோ பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்து ஓடுகிற சத்தம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள். கல் காலைச் சில்லிட வைத்தது. திரியைக் கொளுத்தி அங்கேயிருந்த மணல் தட்டில் ஊன்றினாள்.

"நேம்?" என்றார் பாதிரியார்.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்கிறதில்லை. சொன்னால் அவர் ஆயுசுக்குக் கூடாது என்று வளர்ந்தவள். காணாமல் போனதைப் பதியப் போன இடத்தில்கூடத் தமையன்தான் சொன்னான். யாராவது கேட்டால் எப்போதும் எது வருமோ, அதுவே வந்தது.

"பிரஷாந்தியின்ர அப்பா."

பாதிரியார் தலையாட்டினார். கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். அந்தக் குரல் குகை முழுக்க நிறைந்தது. விளங்காத பாஷைக்கு நடுவில் விளங்குகிற ஒரு சொல் வந்தது.

பிரஷாந்தி.

ஐயோ, செத்தவர்களின் ஜெபத்தில் உயிரோடிருக்கிற பிள்ளையின் பெயர்! பாய்ந்துபோய்ப் பாதிரியாரின் அங்கியைப் பிடித்தாள்.

"நோ, நோ. பிரஷாந்தி நோ. அவள் என்ர மகள்."

அவர் பாட்டை நிறுத்திவிட்டுத் திகைத்துப் பார்த்தார். அப்போ யார் என்று கேட்கிற பார்வை.

"அரியரத்தினம்," என்றாள்.

கல்யாணம் கட்டின நாளிலிருந்து முதல் தரம். இந்த முறையும் பிழையாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "அரியரத்தினம். அரியரத்தினம்."

பாதிரியார் முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் பெயர் வந்த இடத்தில் அவள் கை கூப்பினாள். முடியும்வரை அசையவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

கீழே வந்து, மேடத்தின் மொபைலை வாங்கி யாழ்ப்பாணத்துக்கு எடுத்தாள். பிரஷாந்திதான் பேசினாள்.

"மாமாட்டச் சொல்லு பிள்ளை, அந்தியேட்டிக்கு நாள் பாக்கட்டாம்."

"ஏனம்மா? ஏதும் தகவல் வந்ததோ?"

"ஒரு தகவலும் இல்லை. நான் அப்பான்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

பிரஷாந்தி மெல்லக் கேட்டாள், "எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன், அம்மா. நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை."

சிவமலர் வாயைத் திறந்து பார்த்தாள்.

"அது உன்னைக் காப்பாத்த வந்தது பிள்ளை," என்றாள். "இனி வராது."