ஆள் நீளத்துக்கு ஒரு சூடு

சங்கிலிமுத்துவை எரித்து முடித்த பிறகும் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்த தரை ஆறவில்லை. 2003 தீபாவளி சீசனில் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறை வெடித்ததில் போனவர் அவர். ஆஸ்பத்திரியில் துணியில் கட்டிக் கொடுத்தது ஒரு பொட்டலம்தான். அதை நடுவீட்டில் வைத்துத்தான் அழுதார்கள். சூடு மட்டும் மல்லாந்து கிடக்கும் ஓர் ஆள் நீளத்துக்கு, கிடைக்காமல் போன வலது கால் உட்பட இருந்தது. சாணம் போட்டு மெழுகிப் பார்த்தார்கள். சாணம் சட்டென்று காய்ந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

மனைவி இருளம்மாளும் அதே கம்பெனியில் சரம் பின்னுகிறவள். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் அடித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவது அங்கே வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் வீட்டுக்கு வந்ததும் குனிந்து தரையைத் தொட்டுக்கொள்வாள். முதல் வருடம் அங்கே விரித்த ஈரத்துண்டு ஓர் உலை கொதிப்பதற்குள் காய்ந்தது. மறு தீபாவளிக்கு இரண்டு உலை கொதிக்க வேண்டியிருந்தது. சூடு பாதியாகிவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது, வெங்காய விலை இறங்கியதைப் பேசுவதுபோல.

மல்லாங்கிணற்றில் வெள்ளாமை பார்க்கும் அண்ணன் பெத்தணன், தங்கையை இந்த மருந்து வாடையிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட ஒற்றைக்காலில் நின்றார். அந்த மனுசன் முழுசாகப் போகட்டும், வருகிறேன் என்றாள் அவள். ஒரு வருசத்தில் பாதி போனால் மிச்சப் பாதி அடுத்த வருசம் போய்விடும் என்று பெத்தணன் விரலை மடக்கினார். ஊரே அந்தக் கணக்கை ஒத்துக்கொண்டது. இருளம்மாளும் ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

2005 தீபாவளி கழிந்ததும் ஆட்டை விற்றாள், வேலையை விட்டாள். பெத்தணன் லோடு ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றினார். கடைசியாக இருளம்மாள் புறங்கையைத் தரையில் வைத்தாள். பால் குடித்த பிள்ளையின் வயிறு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. பெத்தணனும் தொட்டார், உடனே கையை இழுத்துக்கொண்டார்.

ப்ளஸ் டூ படிக்கும் மகள் மாரிசெல்விதான் சொன்னாள். பாடத்தில் கதிரியக்கம் நடத்தியிருந்தார்கள். ரேடியம் குறைவதும் இப்படித்தானாம், அரை ஆயுள் என்று பெயராம். அணுக்களில் எது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, பாதி போய்விடும் என்பது மட்டும் நிச்சயம். சீசனுக்குச் சீசன் கம்பெனிகளில் ஆள் போவதும் அப்படித்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"முதல்ல இருந்ததுல பாதி இல்லம்மா. ஒவ்வொரு வருசமும் மிச்சம் இருக்கதுல பாதிதான் போகும்."

"அப்ப முழுசா எப்பத்தாண்டி போவாக?"

"அப்பா போகவே மாட்டாகம்மா."

இரண்டு வருடமாகத் தான் எதற்குப் பயந்தோம் என்பது இருளம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, சாமானை இறக்குங்க. அவுகளை விட்டுட்டு நான் எங்கன வர?"

மறுநாள் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுக் கம்பெனிக்குள் போனாள்.

அடுத்தடுத்த வருடங்களில் சூடு கைக்குத் தெரியாமல் போனது. கொஞ்ச காலம் பூனைக்குத் தெரிந்தது, பிறகு அதுவும் வேறு மூலை பார்த்துக்கொண்டது. 2009இல் மாரிசெல்வியின் சம்பளத்தில் தரைக்குச் சிமெண்டு போட்டார்கள். கொத்தனார் நாகையா நடுவீட்டைப் பூசிவிட்டு டீ குடித்து வருவதற்குள் ஓரிடம் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தது. முன்பு மல்லாந்து கிடந்தவர் இப்போது ஒருக்களித்து, இருளம்மாள் பாய் விரிக்கும் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாகையா மிதிக்காமல் சுற்றிப்போய் அடுப்படியைப் பூச ஆரம்பித்தார்.